கட்டமைப்புக் கண்காணிப்பில் லேசர் ஸ்கான்களைத் துல்லியமாகப் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டை மதில், கோயிற் கோபுரம், நீர்த்தாங்கி, பாலம் போன்றவற்றைக் காலத்துக்குக் காலம் லேசர் ஸ்கானரால் அளந்து, அவை அசைந்துள்ளனவா என்று பார்க்கும் வேலை யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தொடங்கிவிட்டது. நில அளவையாளர்களும் குடிசார் பொறியியல் மாணவர்களும் சில வேளைகளில் கோயிற் பரிபாலன சபையினரும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, இயன்றவரை அவர்களுடைய வாசகத்திலேயே இங்கு தொகுத்திருக்கிறேன்.

1. ஸ்கான்களைப் பொருத்துவது என்றால் என்ன? ஒரே இடத்தில் நின்று எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாதா?

ஸ்கானர் தன் பார்வைக் கோட்டில் உள்ளதை மட்டுமே அளக்கும்; மதிலின் மறுபக்கமும் தூணின் பின்புறமும் அதற்குத் தெரியாது. ஆகவே பல நிலைகளில் முக்காலியை வைத்து எடுக்கவேண்டியுள்ளது. ஒவ்வொரு ஸ்கானும் தனக்கென்று ஓர் உற்பத்திப் புள்ளியுடன் பிறக்கிறது. ஸ்கான் தரும் முப்பரிமாணப் புள்ளிகளின் திரளே புள்ளிமுகில். அந்தப் புள்ளிமுகில்களைச் சுழற்றியும் நகர்த்தியும் ஒரே ஆள்கூற்றுத் தொகுதிக்குக் கொண்டுவருவதே பொருத்துதல். மென்பொருள்களில் இது ரெஜிஸ்ரேஷன் என்ற பெயரில் இருக்கும். மூன்று சுழற்சிகள், மூன்று நகர்வுகள் என ஆறு கணியங்களைத்தான் இங்கு காண்கிறோம். அளவுத்திட்டத்தையும் ஏழாவது கணியமாகச் சேர்த்துத் தீர்க்கச் சில மென்பொருள்கள் இடம் தருகின்றன. கண்காணிப்பு வேலையில் அதை மூடிவையுங்கள்.

கண்காணிப்பில் இந்தப் பொருத்துதல் இரு முறை நிகழ்கிறது. ஒரே தவணையில், அதாவது ஒரு முறை சென்று அளந்தபோது, எடுத்த ஸ்கான்களை ஒன்றோடொன்று பொருத்துவது முதலாவது. முதல் தவணையையும் அடுத்த தவணையையும் பொருத்துவது இரண்டாவது. முதலாவதில் நேரும் பிழை பெரும்பாலும் இரட்டைச் சுவராகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவதில் நேரும் பிழை கட்டடம் அசைந்ததுபோலவோ அசையாததுபோலவோ வேடமிட்டு அறிக்கைக்குள் போய்விடும்.

2. எத்தனை மில்லிமீற்றர் அசைவைக் கண்டுபிடிக்கலாம்? ஒரு எண்ணாகச் சொல்லுங்கள்.

50 மீற்றருக்கு உட்பட்ட தூரம், நல்ல கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (ஆள்கூறு துல்லியமாகத் தெரிந்த, அசையாத குறிப்புப் புள்ளிகள்), கரடுமுரடற்ற மேற்பரப்பு ஆகியவை இருந்தால் 3 முதல் 5 மில்லிமீற்றர் வரை நம்பிக்கையுடன் சொல்லலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த எண் விரைவாகப் பெருகும். ஒரு மில்லிமீற்றர் அசைவே உங்கள் கவலையென்றால் ஸ்கானரைத் தேடாதீர்கள்; நுண்மட்டமிடல், பிரிசம் பொருத்தி ரோட்டல் ஸ்ரேசனால் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் நில அளவைக் கருவி) அளத்தல், வெடிப்பு அளவி ஆகியவற்றில் ஒன்று குறைந்த செலவில் மேலான விடையைத் தரும். ஸ்கானரின் பலம் எங்கே அசைகிறது என்று முன்கூட்டியே தெரியாத போது முழுப் பரப்பையும் பார்ப்பதில்தான் இருக்கிறது.

3. மென்பொருள் பொருத்துதற் பிழை 2 மில்லிமீற்றர் என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. வேலை முடிந்ததுதானே?

முடியவில்லை. அந்த எண், பொருத்துதலுக்குப் பயன்படுத்திய இலக்குகள் (ஸ்கான்களில் தெளிவாக இனங்காணவென்று வைக்கும் கோளங்கள், பலகைகள்) ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போயின என்பதைக் காட்டும் எச்சப் பிழை மட்டுமே. மூன்று இலக்குகள் ஒன்பது சமன்பாடுகளைத் தருகின்றன; தெரியாக் கணியங்கள் ஆறு. மிஞ்சுவது மூன்றே. இவ்வளவு குறைந்த மிகையுடன் பொருத்தும்போது, ஓர் இலக்கு சற்று நகர்ந்திருந்தாலும் கணிப்பு அதற்கேற்ப வளைந்துகொடுத்து எச்சப் பிழையைச் சிறிதாகவே காட்டும்.

செய்யவேண்டியது எளிது: சில இலக்குகளைப் பொருத்துதலில் சேர்க்காமல் விலக்கி வையுங்கள். பொருத்திய பின் அவற்றின் ஆள்கூறுகளை ரோட்டல் ஸ்ரேசன் தந்த ஆள்கூறுகளுடன் ஒப்பிடுங்கள். இந்தச் சரிபார்ப்புப் புள்ளிகளில் வரும் வித்தியாசத்தையே அறிக்கையில் எழுதுங்கள். அவை கண்காணிக்கும் பகுதிக்கு அருகில் இருக்கவேண்டும். முக்காலிக்குப் பக்கத்தில் வைத்த சரிபார்ப்புப் புள்ளி எதையும் சரிபார்ப்பதில்லை.

4. இலக்குகள் எத்தனை வேண்டும்? எங்கே வைப்பது?

கணக்குப்படி, ஒரே கோட்டில் அமையாத மூன்று போதும். நடைமுறையில் ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஐந்தோ ஆறோ தெரியவேண்டும். எண்ணிக்கையைவிடப் பரம்பல் முக்கியம். ஐந்து மீற்றர் இடைவெளிக்குள் எல்லா இலக்குகளையும் வைத்துவிட்டு, அவற்றில் 2 மில்லிமீற்றர் பிழை நேர்ந்தால், சுழற்சியில் ஏற்படும் பிழை ஐயாயிரத்தில் இரண்டு பங்கு. அதே சுழற்சி 40 மீற்றர் தொலைவில் 16 மில்லிமீற்றராக வந்து நிற்கும். இலக்குகளோ தங்களுக்குள் 2 மில்லிமீற்றரிலேயே ஒத்துப்போயிருக்கும்.

கோபுரங்களை அளப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். இலக்குகள் யாவும் வீதியில், ஆள் உயரத்தில் இருக்கும். அளக்கவேண்டியதோ கலசத்துக்குக் கீழுள்ள மேல்தளம். எதிர்ப்பக்கக் கட்டடங்களின் மொட்டைமாடிகளில் அனுமதி கேட்டு இரண்டு மூன்று இலக்குகளை உயர்த்தி வையுங்கள். அளக்கும் பொருள் இலக்குகள் சூழ்ந்த வெளிக்குள் இருக்கவேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கோள இலக்கை எத்திசையிலிருந்து பார்த்தாலும் மையம் ஒன்றே என்பதால் தவணைக்குள் பொருத்துவதற்கு அது வசதி. தவணைகளுக்கிடையே நிலைத்திருக்கவேண்டிய இடங்களில், சுவரில் பதித்த ஆணியுடன் மீண்டும் அதே இடத்தில் மாட்டக்கூடிய கறுப்பு வெள்ளைப் பலகையே எனக்கு உவப்பானது.

5. இலக்கெல்லாம் பழைய முறை, ஐ.சி.பி. போதும் என்கிறார்களே?

ஐ.சி.பி. என்பது ஒரு புள்ளிமுகிலின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதில் மிக அண்மையில் உள்ள புள்ளியைத் தேடி, அந்த இடைவெளிகளைக் குறைக்குமாறு மீண்டும் மீண்டும் நகர்த்தும் முறை. பெஸ்ல், மக்கே ஆகிய இருவரும் 1992இல் வெளியிட்ட வடிவமே பரவலாக அறியப்பட்டது. தொடக்க நிலை ஓரளவு சரியாக இருந்து, இரண்டு ஸ்கான்களும் தாராளமாக ஒன்றன்மேலொன்று படிந்து, பல திசைகளை நோக்கிய மேற்பரப்புகளும் இருந்தால் அது மிக நன்றாக வேலை செய்யும். லட்சக்கணக்கான புள்ளிகள் பங்கேற்பதால் தவணைக்குள் இலக்குகளைவிட மேலான முடிவையும் தரக்கூடும்.

வடிவம் இடங்கொடுக்காத இடத்தில் அது வழுக்கும். உருளை வடிவத் தண்டின்மேல் நிற்கும் நீர்த்தாங்கியை அச்சைச் சுற்றி எவ்வளவு சுழற்றினாலும் புள்ளிகளின் இடைவெளி மாறாது. எச்சப் பிழை சிறிதாகவே இருக்கும், சுழற்சி தவறாக இருக்கும். நீண்ட நேரான மதிலில் அதே வழுக்கல் மதிலின் நீளப்பாட்டில் நிகழும். இப்படியான இடங்களில் ஏணி, குழாய், படி, பக்கத்துக் கட்டடம் ஆகியவற்றையும் ஸ்கானில் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது இலக்கைக் கைவிடாதீர்கள்.

6. இரண்டு தவணைத் தரவையும் முழுமையாக ஐ.சி.பி. மூலம் பொருத்தினேன். அசைவே இல்லை என்று வந்தது. நல்ல செய்திதானே?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். ஐ.சி.பி.யின் வேலை வித்தியாசத்தைக் குறைப்பது; உங்கள் வேலை வித்தியாசத்தைக் காண்பது. அசைந்த பகுதியையும் சேர்த்துப் பொருத்தினால், தேடிவந்த அசைவையே அது பிழையென்று கருதித் துடைத்துவிடும். ஒரு நீர்த்தாங்கி முழுமையாக 10 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தால், ஐ.சி.பி. அதை 10 மில்லிமீற்றர் தூக்கி வைத்து எல்லாம் நலம் என்று சொல்லும்.

பாதி மட்டும் அசைந்திருந்தால் நிலைமை இன்னும் குழப்பமானது. தட்டையான ஒரு சுவரின் வலப்பாதி 10 மில்லிமீற்றர் வெளியே தள்ளியிருக்கிறதென்று வையுங்கள். சராசரியைத் தேடும் பொருத்துதல், சுவரைப் பின்னே இழுத்தும் சற்றுத் திருப்பியும் அந்த அசைவை இருபுறமும் பங்கிட்டுவிடும். நகராத இடப்பாதியிலும் அசைவு தெரியும். நகர்ந்த வலப்பாதியில் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். படம் அழகாக இருக்கும், ஒவ்வோர் எண்ணும் தவறாக இருக்கும். ஒத்துவராத புள்ளிகளைத் தானாக ஒதுக்கும் மேம்பட்ட ஐ.சி.பி. வகைகள் சிறு பகுதி மட்டும் அசைந்தபோது உதவுகின்றன. பெரும்பகுதி அசைந்தால் அவை அசையாத பகுதியையே ஒதுக்கித்தள்ளும்.

ஆகவே தவணைகளுக்கிடையே பொருத்தும்போது, கண்காணிக்கும் கட்டமைப்பைக் கணிப்பிலிருந்து முற்றாக வெட்டியெடுத்துவிடுங்கள். அதற்கு வெளியே உள்ள, அசையாதென்று தனியாக நிறுவப்பட்ட இடங்களை வைத்தே பொருத்துங்கள். பிறகு அதே உருமாற்றத்தைக் கட்டமைப்பின் புள்ளிமுகிலுக்குப் பிரயோகியுங்கள்.

7. அசையாத இடம் என்று யாழ்ப்பாணத்தில் எதை நம்பலாம்?

குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. பல இடங்களில் அது மேற்பரப்புக்கு மிக அருகில் உள்ளது. பாறைவரை இறங்கிய கொங்கிறீற்றுக் குற்றி நம்பத்தக்கது. செம்பாட்டு மண்ணில் ஓரடி ஆழத்தில் அடித்த இரும்புக் கம்பி அப்படியல்ல. கடனீரேரிக் கரையில் நிரப்பி எடுத்த நிலம், மழைக்கு ஊறும் வயற்கரை, மதவுக்குப் பக்கத்துத் தெருவோரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மின்கம்பமும் பனையும் அசையாப் பொருள்களல்ல என்பதைச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் அவற்றில் இலக்கு ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். புதிதாகக் கட்டிய வீடு சில ஆண்டுகளுக்கு இறங்கிக்கொண்டிருக்கக்கூடும். பல பதிற்றாண்டுகளாக வெடிப்பின்றி நிற்கும் பழைய வீடு மேல்.

கட்டமைப்பின் பாரம் நிலத்தை அழுத்தும் வலயத்துக்கு வெளியே புள்ளிகள் இருக்கவேண்டும். கோட்டை மதிலுக்கான கட்டுப்பாட்டுப் புள்ளியை அகழியின் விளிம்பில் வைத்தால், மதிலோடு சேர்ந்து அதுவும் நகரலாம். பாலங்களில் சிக்கல் பெரிது. 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் நீளம் 288 மீற்றர், நடுவிலே நீர்தான். நிலையான புள்ளிகள் இரு கரைகளிலும் மட்டுமே அமைய முடியும் என்பதால், நடுப்பகுதியில் எதிர்பார்க்கும் துல்லியத்தை முன்கூட்டியே தளர்த்திக்கொள்ளவேண்டும்.

எதையும் நம்பிக்கையில் விடாதீர்கள். குறைந்தது ஐந்தாறு புள்ளிகள் கொண்ட வலையமைப்பை ஒவ்வொரு தவணையிலும் ரோட்டல் ஸ்ரேசனால் அளந்து, இழிவு வர்க்க முறையில் சீராக்கி, அவற்றுக்கிடையிலான தூரங்கள் முன்னைய தவணையோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒன்று விலகினால் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். மூன்றே புள்ளிகள் இருந்து ஒன்று நகர்ந்தால், நகர்ந்தது எது என்று சொல்லப் பெரும்பாலும் முடியாது.

8. ஆர்.ரி.கே. கருவியால் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை எடுத்து, நேரே எஸ்.எல்.டி.99 என்ற இலங்கையின் தேசிய ஆள்கூற்றில் பொருத்தலாமா?

செய்மதிச் சமிக்ஞைகளைக் கொண்டு நின்ற இடத்திலேயே ஆள்கூற்றைத் தரும் ஆர்.ரி.கே.யின் துல்லியம் 1 முதல் 2 சென்ரிமீற்றர். மில்லிமீற்றர் தேடும் வலையமைப்பை அதில் கட்டினால், 3ஆவது பதிலில் சொன்ன சரிபார்ப்பு எதற்கும் அது தாக்குப்பிடிக்காது. உள்ளூர் ஆள்கூற்றுத் தொகுதி ஒன்றை ரோட்டல் ஸ்ரேசனால் அமைத்து அதிலேயே கண்காணியுங்கள். தேசிய ஆள்கூற்றில் இருக்கவேண்டும் என்று கேட்டால், முடிவை மட்டும் கடைசியில் மாற்றிக் கொடுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. எஸ்.எல்.டி.99இல் யாழ்ப்பாண நகரத்தின் வடக்குக்கூறு ஏறத்தாழ 794,000 மீற்றர். 32 பிற்று தசம எண்ணாகச் சேமிக்கும் மென்பொருளில், அவ்வளவு பெரிய எண்ணுக்கு அடுத்தடுத்த இரு பெறுமானங்களின் இடைவெளி 62.5 மில்லிமீற்றர். புள்ளிமுகில் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஸ்கானரைக் குறை சொல்லவேண்டாம். கிளவுட் கொம்பயர் போன்ற மென்பொருள் கோப்பைத் திறக்கும்போது ஆள்கூறுகளைப் பெயர்க்கவா என்று கேட்டால், ஆமென்று சொல்லுங்கள்; எல்லாத் தவணைகளுக்கும் அதே பெயர்ச்சியைக் கொடுங்கள்.

9. கோட்டையைச் சுற்றிவர ஒவ்வொரு ஸ்கானையும் முந்தியதோடு பொருத்திக்கொண்டே போனால் பிழை கூடுமா?

கூடும். ஒவ்வொரு பொருத்துதலிலும் எழுமாறான 1 மில்லிமீற்றர் பிழை இருந்தால், 16 நிலைகளின் முடிவில் 4 மில்லிமீற்றர் எதிர்பார்க்கலாம். சுழற்சிப் பிழை இதைவிட வேகமாக வளரும். தொடக்கத்தில் நேர்ந்த சிறு திருப்பம் அதற்குப் பின் வரும் நிலைகள் அனைத்தையும் வீசிக்கொண்டு போகும்.

ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிய பின் ஐங்கோணமாக விரித்துக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டை, சுற்றிவந்தால் தொடங்கிய இடத்தில் முடியும் என்ற வசதியைத் தருகிறது. கடைசி ஸ்கானை முதலாவதோடும் இணைத்து வளையத்தை மூடுங்கள். மூடும்போது தெரியும் இடைவெளிதான் உங்கள் வேலையின் உண்மையான நிலவரம். அதைப் பார்க்காமலே மென்பொருள் எல்லா நிலைகளுக்கும் பங்கிட்டுவிட அனுமதிக்காதீர்கள். கொத்தளங்களின் மேலிருந்து குறுக்கே தெரியும் இலக்குகளையும், ஐந்து மூலைகளுக்கும் அருகே ரோட்டல் ஸ்ரேசனால் அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளையும் சேர்த்து, எல்லா நிலைகளையும் ஒரே சீராக்கலில் தீர்ப்பதே சரி.

10. வெயில் நேரத்தில் எடுத்தால் என்ன குறை?

கொங்கிறீற்று ஒரு மீற்றருக்கு ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.01 மில்லிமீற்றர் நீளும். 20 மீற்றர் உயர நீர்த்தாங்கி 10 பாகை சூடானால் 2 மில்லிமீற்றர் உயரும். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் அது வளையும்: 3 மீற்றர் விட்டத் தண்டின் இரு பக்கங்களுக்கும் 5 பாகை வித்தியாசம் இருந்தால் உச்சி 3 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாகச் சாயும். காலையில் மேற்காகவும் மாலையில் கிழக்காகவும் சாய்வதெல்லாம் உண்மையான அசைவுதான், ஆனால் நீங்கள் தேடும் அசைவு அல்ல. 288 மீற்றர்ப் பாலத்தில் 10 பாகைக்கு மொத்த நீட்சி ஏறத்தாழ 30 மில்லிமீற்றர். அது விரிவு மூட்டுகளில் பங்கிடப்படும்.

எல்லாத் தவணைகளையும் சூரிய உதயத்தை ஒட்டிய ஒரே நேரத்தில் எடுங்கள். சுவரின் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். கருவியையும் வெளிக்காற்றில் சிறிது நேரம் இயங்கவிட்டபின் தொடங்குங்கள்; குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறக்கியவுடன் எடுத்த முதல் ஸ்கான் பெரும்பாலும் பயனற்றது. உருகும் தார்த்தெருவில் முக்காலியின் கால் இறங்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உயர்த்திய முக்காலி நடுங்கும். மழைக்குப் பின் ஈரச் சுவரில் லேசர் ஒளியின் மீள்வு குறைந்து இரைச்சல் கூடும் என்பதால், மாரி காலத்து அளவையைச் சுவர் காயும்வரை தள்ளிப்போடுவது நல்லது.

11. ஒவ்வொரு தவணையிலும் முக்காலியை அதே இடத்தில்தான் வைக்கவேண்டுமா?

ஆம், அதே இடத்தில், அதே உயரத்தில், இயன்றால் அதே கருவியுடன். சாய்வான படுகோணமும் கருவியின் ஒழுங்கான பிழைகளும் இரு தவணைகளிலும் ஒரே விதமாக வந்து, ஒப்பிடும்போது பெருமளவு கழிந்துபோகும். முருகைக்கல் மதில் போன்ற கரடான பரப்பில் இது இன்னும் முக்கியம். பார்க்கும் திசை மாறினால் குழிகளுக்குள் தெரிவதும் மறைவதும் மாறி, இல்லாத அசைவு தோன்றும்.

12. எம்3சி2 முறையில் கண்டறிதல் எல்லையை எப்படிக் கணிப்பது? பொருத்துதற் பிழையைச் சுழியமாக விடலாமா?

விடக்கூடாது. லாக் என்பவரும் இணைந்தோரும் 2013இல் வெளியிட்ட இம்முறை, ஒவ்வோர் இடத்திலும் மேற்பரப்புக்குச் செங்குத்தான செவ்வன் திசையில் ஓர் உருளையைச் செலுத்தி, அதற்குள் விழும் இரு தவணைப் புள்ளிகளின் சராசரிகளை ஒப்பிடுகிறது. 95 சதவீத நம்பிக்கையில் கண்டறிதல் எல்லை, அதாவது அசைவென்று சொல்லக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம், இப்படி அமையும்: ஒவ்வொரு தவணையிலும் நியம விலகலின் வர்க்கத்தைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதனுடன் பொருத்துதற் பிழையைக் கூட்டி, 1.96ஆல் பெருக்கவேண்டும்.

நியம விலகல் 3 மில்லிமீற்றர், புள்ளிகள் 25, பொருத்துதற் பிழை 2 மில்லிமீற்றர் என்றால் வர்க்கமூலம் 0.85, எல்லை 5.6 மில்லிமீற்றர். புள்ளிகளை நூறாக்கினால் 4.8. ஆயிரமாக்கினாலும் 3.9க்குக் கீழே போகாது, ஏனெனில் பொருத்துதற் பிழை சராசரியால் குறைவதில்லை. அடர்த்தியான ஸ்கானுக்காக மணிக்கணக்கைச் செலவிடுபவர்கள் அதில் ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டு வலையமைப்புக்குக் கொடுக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த 2 மில்லிமீற்றர், 3ஆவது பதிலில் சொன்ன சரிபார்ப்புப் புள்ளிகளிலிருந்து வரவேண்டும். மென்பொருளின் பச்சை எண்ணை இங்கு இடக்கூடாது.

13. கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்துக்கு வர்ணம் பூசினோம். பிறகு எடுத்த ஸ்கானை முந்தியதோடு ஒப்பிட்டால், அசைவைக் காட்டும் படம் முழுக்கச் சிவப்பாக வருகிறது. கோபுரம் சாய்கிறதா?

அநேகமாக இல்லை. சுரண்டிப் பூசியதும் சுதை வேலைப்பாடுகளைத் திருத்தியதும் மேற்பரப்பையே மாற்றியுள்ளன. அத்துடன் நிறமும் பளபளப்பும் மாறும்போது ஸ்கானர் அளக்கும் தூரமும் சிறிது மாறலாம். சாய்வென்றால் மேலே போகப்போக ஒரு பக்கமாகக் கூடும். பூச்சென்றால் நான்கு முகங்களும் வெளியே வந்ததுபோலத் தெரியும். திருப்பணியைக் கடந்து ஒப்பிட முயலாதீர்கள். முடிந்தவுடன் புதிய அடிப்படைத் தவணையொன்றை எடுத்துவையுங்கள்.

14. கைபேசியில் உள்ள லைடாரோ கையில் கொண்டு நடக்கும் ஸ்கானரோ போதாதா?

இந்த வேலைக்குப் போதாது. இரண்டும் சென்ரிமீற்றர்க் கணக்கில் பிழை தருபவை. கைபேசி சில மீற்றருக்கு அப்பால் பார்ப்பதுமில்லை. ஆவணப்படுத்தலுக்கு நல்லவை.

15. சில வருடங்களுக்கு முன் வேறொருவர் எடுத்த ஸ்கான் இருக்கிறது; கட்டுப்பாட்டுப் புள்ளி எதுவுமில்லை. குப்பையில் போடுவதா?

வேண்டாம். சுற்றுப்புறமும் அதில் பதிவாகியிருந்தால், 6ஆவது பதிலில் சொன்னபடி கட்டமைப்பை வெட்டியெடுத்துவிட்டு அயற் கட்டடங்களின் சுவர்களைக் கொண்டு பொருத்திப் பார்க்கலாம். அந்தச் சுவர்களைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவாலும் தனித்தனியே பொருத்துங்கள். விடைகளுக்கிடையே வரும் வேறுபாடே பொருத்துதற் பிழையின் மதிப்பீடு. அது 10 மில்லிமீற்றரைத் தாண்டுவது வழக்கம்.

சுற்றுப்புறம் பதிவாகவில்லையென்றால் முழுமையான தாழ்வையும் சாய்வையும் பற்றி எதுவும் சொல்ல இயலாது. சுவர் வீங்கியிருக்கிறதா, வளைவு தட்டையாகியிருக்கிறதா என்று வடிவ மாற்றத்தை மட்டும் பார்க்கலாம். அறிக்கையிலும் அப்படியே எழுதுங்கள்.

16. எல்லாம் சரியாகச் செய்து, எம்3சி2 படத்திலும் அசைவு இல்லை. ஆனால் சுவரின் அடியில் புதிய வெடிப்பு இருக்கிறதே?

வெடிப்பை நம்புங்கள். 12ஆவது பதிலில் சொன்னபடி அந்த முறை செவ்வன் திசையில் மட்டுமே அளக்கிறது. தட்டையான சுவர் தன் தளத்திலேயே நேர்கீழாக இறங்கினால், பழைய பரப்பின் இடத்தில் புதிய பரப்பு அச்சொட்டாக நிற்கும். படம் முழுவதும் சுழியமாகவே இருக்கும். பொருத்துதல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இது மாறாது.

யன்னலின் அடிவிளிம்பு, தளத்தின் கீழ்ப்பரப்பு, கூரையோரம் போன்ற கிடையான முகங்களைத் தனியே வெட்டியெடுத்து ஒப்பிட்டால் தாழ்வு தெரியலாம். அத்தகைய முகம் எதுவுமில்லாத மதிலென்றால், முதல் தவணையிலேயே அதில் சில இலக்குப் பலகைகளை நிரந்தரமாகப் பதித்து, அவற்றின் மையங்களை ஒவ்வொரு தவணையிலும் ரோட்டல் ஸ்ரேசனாலும் அளந்துகொள்ளுங்கள். தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள மதிலில் துளையிடுவதற்கு முன் அனுமதி பெறவேண்டும். கிடைக்கச் சுணங்கும் என்பதால் விண்ணப்பத்தை வேலை தொடங்குவதற்கு வெகுமுன்னரே கொடுத்துவிடுங்கள்.